பாத்ஸ் ஆஃப் குளோரி வாங்கலாமா? பெட்டிக்கு முன்னாடி ஆளைத் தேடுங்க

வணக்கம் மக்களே. பாத்ஸ் ஆஃப் குளோரி போர்டு கேம் வாங்கலாமா வேண்டாமான்னு நெறைய பேரு கேக்குதீங்க. சுருக்கமா பதில் வேணும்னா, எதிர்ல உக்கார ஆள் இருந்தா வாங்குங்க, இல்லைன்னா காசு பேங்க்லயே கெடக்கட்டும். ஏன்னு இப்ப கொஞ்சம் நீட்டியே சொல்லுதேன், அவசரப்படாம கேளுங்க.

புதுசா வந்தவங்களுக்கு முதல்ல ரெண்டு வார்த்தை. முதல் உலகப் போர் மொத்தமும் ஒரே மேப்ல நடக்கும். டெட் ரெய்சர் வடிவமைச்சது, ஜிஎம்டி கேம்ஸ் 1999-ல வெளியிட்டது. ரெண்டு பேரு மட்டும்தான் ஆட முடியும். ஒருத்தர் நேச நாடுகள், இன்னொருத்தர் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம். அடிப்படைப் பதிப்புல ஆளுக்கு 55 கார்டு. 1914 ஆகஸ்ட்ல தொடங்கி 20 டர்ன், ஒவ்வொரு டர்னுக்கும் ஆளுக்கு ஆறு ரவுண்டு. பிரான்ஸ்ல இருந்து ரஷ்யா வரைக்கும், கீழ மெசபடோமியா வரைக்கும் மேப் இருக்கு. எம்டன் மெட்ராஸ்ல குண்டு போட்டது 1914 செப்டம்பர் 22-தானே, அதை இதுல தேடாதீங்க, வங்காள விரிகுடாவே மேப்ல கெடையாது. முழு ஆட்டம் 6-ல இருந்து 8 மணி நேரம். புது ஆளுங்க ரெண்டு பேருன்னா ஞாயித்துக்கெழமை முழுக்கப் போயிரும், அப்பயும் பாதிதான் முடியும்.

இந்த ஆட்டத்துல மூளையைத் தின்னுத இடம் மூணு இருக்கு. அது மூணும் உங்களுக்குப் பிடிக்குமான்னு பாத்தாலே வாங்குததா வேண்டாமான்னு பாதி முடிவு வந்துரும்.

முதல்ல கார்டு. கையில ஏழு கார்டு இருக்கும். ஒவ்வொண்ணையும் நாலு விதமாப் போடலாம்: படையை நகர்த்த, அடிக்க ஆபரேஷன்ஸ், தூரத்துக்குப் படையை ரயில்ல அனுப்ப, அடிபட்ட படையைத் தேத்த, இல்லைன்னா அதுல எழுதியிருக்க நிகழ்ச்சியை நடத்த. நாலுல ஒண்ணுதான். புதுப் படை கொண்டு வர கார்டை நிகழ்ச்சியாப் போட்டா அந்த ரவுண்டுல எதையும் நகர்த்த முடியாது, அந்த நேரத்துல எதிராளி ஒரு அடி அடிச்சிருவான். தேத்துததுக்கோ ரயிலுக்கோ அடுத்தடுத்த ரெண்டு ரவுண்டுல போடவும் கூடாது. அதனால "எல்லாம் வேணும், ஒண்ணுதான் கெடைக்கும்"னு ஒரு எரிச்சல் ஆட்டம் முழுக்க இருக்கும். அந்த எரிச்சல் ருசிக்குதவங்களுக்கான ஆட்டம் இது.

ஒரு இடத்துல நிக்க படையை ஒரு ரவுண்டுல நகர்த்தவும் இயக்கலாம், அடிக்கவும் இயக்கலாம், ஆனா ரெண்டும் சேத்துச் செய்ய முடியாது. நகர்ந்து வந்த படை அதே ரவுண்டுல அடிக்காது. செஸ் ஆடுத பழக்கத்துல கையை வைக்கவங்க முதல் மணி நேரத்துல இதுலதான் தடுக்கி விழுவாங்க.

ரெண்டாவது, இதைக் கேமரா கிட்டக் கொண்டு வாரேன் பாருங்க. ஜெர்மன் ஆர்மி கவுண்டர், அதாவது படையைக் குறிக்குத அட்டைச் சில்லு. கீழ 5-3-3-ன்னு இருக்கா? முதல் எண் அடிக்க பலம், ரெண்டாவது அடி தாங்குத அளவு, மூணாவது நடை. திருப்பிப் போட்டா பலம் குறைஞ்ச பக்கம். இப்ப நடு எண்ணைக் கவனிங்க. சண்டையில எதிராளி உங்களுக்கு 5 இழப்பு குடுத்தான்னு வைங்க. அங்கன மூணு ஆர்மி மட்டும் இருந்தா ஒண்ணைத் திருப்பி 3 கழிப்பீங்க. மிச்சம் 2 இருக்கு. 3 தாங்குத ஆர்மியால ரெண்டைக் கழிக்க முடியாது, இழப்பு எண்ணைத் தாண்டியும் போகக் கூடாது. அதனால அந்த 2 காத்தோட போச்சு. அதே இடத்துல 1 தாங்குத கோர், அதாவது ஆர்மியை விடச் சின்னப் படை, ஒண்ணு நின்னா கதை வேற. ஆர்மி திரும்பும், கோர் ஒருதரம் திரும்பும், மறுதரம் செத்தே போகும். 3, 1, 1, மொத்தம் 5, பைசா பாக்கி இல்லாம வசூல். துணைக்கு நிக்கட்டுமேன்னு வச்ச சின்னப் படை உங்க இழப்பைக் கூட்டிரும். ஆனா பின்வாங்காம நிக்க வேண்டிய இடத்துல தலை எண்ணிக்கை வேணும். யாரை எங்க நிறுத்தணும்னு ஒவ்வொரு ரவுண்டும் இந்தக் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும். கேக்கும்போதே தலை வலிச்சா நல்லது, காசு மிச்சம்.

மூணாவதுதான் புது ஆட்களைக் கொல்லுதது: சப்ளை. ஒவ்வொரு படையில இருந்தும் அதோட மூல ஊருக்கு, ஜெர்மனிக்காரனுக்கு எஸ்ஸன், பிரெஸ்லாவு மாதிரி ஊருக்கு, எதிரி இல்லாத வழி இருக்கணும். மணியாச்சியை எதிரி பிடிச்சிட்டான்னா தூத்துக்குடியில நிக்க படைக்கு மதுரையில இருந்து ரயில்ல ஒண்ணும் வராது பாருங்க, அதே கணக்குதான். வழி அறுந்த படையை நகர்த்த முடியாது, அடிக்க முடியாது. டர்ன் முடியும்போது அப்படியே இருந்தா ஆர்மி நிரந்தரமாப் போயிரும். தேத்திக் கொண்டு வர வழியே கெடையாது. போலந்துல ரஷ்யப் படையை முன்னால தள்ளி வச்சிட்டு, வடக்க இருந்து ஜெர்மனியும் தெற்க இருந்து ஆஸ்திரியாவும் பின்னால கைகோக்கத விட்டா ஒரே டர்ன்ல மூணு ஆர்மி காலி. அதுக்கப்புறம் அஞ்சு மணி நேரம் தோக்குத ஆட்டத்தை ஆடணும். பாதிப் பேரு இந்த ஆட்டத்தை அலமாரியில வைக்கது இங்கனதான். ரூல் கஷ்டம்னு சொல்லுவாங்க, ஆனா கசப்பு இதுதான்.

பெட்டியில வாங்கினா ரூலைக் காவல் காக்கதும் நீங்கதான், அதையும் நெனச்சுக்கிடுங்க. ஒவ்வொரு டர்னும் கட்டாயத் தாக்குதலுக்கு டைஸ் போடணும், டைஸ்ல வந்த நாடு தாக்கலைன்னா ஒரு வெற்றிப் புள்ளி எதிராளி பக்கம் போகும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே புள்ளிக் கணக்கு, 10-ல ஆரம்பிக்கும், 20 ஆனா ஜெர்மனி பக்கம் ஜெயிப்பு, 0 ஆனா நேச நாடு. அப்படிப்பட்ட கயித்துல ஒரு புள்ளியை மறந்தா ஆட்டமே கோணிரும். வீட்டு மேசையில மொதல்ல மறக்கது இதைத்தான்.

சரி, ஆள் விஷயம். உங்களுக்கு ஒரே ஒரு ஆள் வேணும், ஆனா அதே ஆள் திரும்பத் திரும்ப வேணும். முதல் மூணு ஆட்டம் ரூல் படிக்கதுலயே போயிரும், ஆளு மாறுனா மறுபடி முதல்ல இருந்து. பாளையங்கோட்டைப் பக்கம் செஸ் ஆடுத பசங்க நெறைய உண்டு, அவங்களைக் கூப்பிடலாம்னு தோணும். என் அபிப்பிராயம் வேற. டைஸ் ஒண்ணு விழுந்து நல்ல திட்டம் கெட்டா செஸ் ஆளுக்கு மூஞ்சி சுருங்கிரும். ரம்மியும் இருபத்தெட்டும் நல்லா ஆடுத அண்ணாச்சி ஒருத்தர் இருந்தா அவரைப் பிடிங்க. கையில இருக்கதை எப்ப விடணும், எப்ப பதுக்கணும்னு அவருக்கு ஏற்கெனவே தெரியும், இந்த ஆட்டத்துல பாதி அதுதான்.

ஆள் கோவில்பட்டியிலயோ தென்காசியிலயோ இருந்தா, ஒரே நாள்ல முடியாது, போர்டை அப்படியே விட்டு வைக்கணும். மேப் 22-க்கு 34 இஞ்ச், அதாவது 56-க்கு 86 சென்டிமீட்டர். கார்டு, கவுண்டர் தட்டு எல்லாம் வைக்க நாலடிக்கு மூணடி மேசை வேணும். பழைய பதிப்புல பேப்பர் மேப், மடிப்பு தூக்கிக்கிட்டு நிக்கும், அதுக்கு மேல 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் ஷீட்டு வெட்டிப் போடுங்க. டீலக்ஸ் பதிப்புல கெட்டி அட்டை போர்டு, ஷீட்டு வேண்டாம். ஆனி ஆடியில ஜன்னலைத் திறந்து வச்சு ஆட நெனைக்காதீங்க. செங்கோட்டைப் பக்கமிருந்து வார காத்துக்கு அட்டைக் கவுண்டர் ஒரு பொருட்டே இல்ல, பெல்ஜியத்துல இருந்த ஆர்மி அடுப்படியில கெடக்கும். சித்திரையில ஃபேன் இல்லாம உக்காரவும் முடியாது. டேபிள் ஃபேனைத் தரையில வச்சு ஆள் பக்கம் திருப்பிக்கிடுங்க. எழுந்து போகுததுக்கு முன்ன நாலு மூலையில இருந்தும் போன்ல படம் எடுத்துருங்க, கையில இருக்க கார்டு எண்களையும் குறிச்சு வச்சிருங்க.

வாங்குததுக்கு முன்ன காசில்லாம சோதிக்க வழி இருக்கு. ஜிஎம்டி ரூல்புக்கை பிடிஎஃப்பா இலவசமாப் போட்டிருக்கு. வண்ணாரப்பேட்டையில ஏதாவது ஜெராக்ஸ் கடையில ரெண்டு பக்கமும் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கிடுங்க. முழுசாப் படிக்க வேண்டாம், நகர்வு, சண்டை, சப்ளை மூணு பகுதி போதும். அப்புறம் ரேலி த ட்ரூப்ஸ்னு ஒரு இணையதளம், பிரவுசர்லயே ஆடலாம், காசு கெடையாது, ரூலை அதுவே பாத்துக்கிடும், தப்பா நகர்த்த விடாது. வஸ்ஸல்னு ஒரு சாஃப்ட்வேரும் இலவசம்தான், ஆனா அது கம்ப்யூட்டர்ல மட்டும் ஓடும், ரூலைக் கண்டுக்கிடாது, வெறும் மேசை மாதிரி. ரூல் பழக முதலாவது, கையால நகர்த்துத உணர்வுக்கு ரெண்டாவது.

ஆகஸ்ட், செப்டம்பர், 1914 இலையுதிர் காலம், இந்த மூணு டர்ன் மட்டும் ஆடுங்க. ஆளுக்குப் பதினெட்டு ரவுண்டு. ஜெர்மனி எடுத்தா முதல் கார்டா கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட் போடுங்க, லியேஜ் கோட்டை உடைஞ்சு ரெண்டு ஆர்மி உள்ள போயிரும். மூணு டர்ன் முடிஞ்சதும் கைக்கு வந்த புதுக் கார்டைப் பாத்து "1915-ல இத்தாலி எப்ப வருவான்?"னு மனசு ஓடுதா, வாங்குங்க. "இன்னும் பதினேழு டர்னா"ன்னு ஓடுதா, அங்கனயே மூடிருங்க, ஒரு ரூவா போகல.

வாங்குதது உறுதின்னா, விலையை மட்டும் பாக்காதீங்க. பெட்டி 30-க்கு 23-க்கு 8 சென்டிமீட்டர்தான். வெளி அட்டைப்பெட்டி 36-க்கு 28-க்கு 14 ஆச்சுன்னா, பெருக்கி 5000-ஆல வகுத்தா 2.8 கிலோ. உள்ள எடை குறைவா இருந்தாலும் கூரியர்காரன் இந்த 2.8-க்குத்தான் கட்டணம் போடுவான். சுங்க வரி பொருள் விலைக்கு மட்டும் இல்ல, அனுப்புத செலவையும் சேத்து வரும். அதுக்கு மேல கூரியரோட கையாளும் கட்டணம். அடையாள ஆவணம் கேட்டு மெயில் வரும், அதைப் பாக்காம விட்டா பெட்டி அங்கனயே கெடக்கும். ரெண்டு மூணு பேரு சேந்து ஒரே பார்சலா வரவழைச்சா ஆளுக்கு அனுப்புத செலவு நல்லாக் குறையும். இந்தியாவுக்குள்ளயே கடையில ஸ்டாக் இருந்தா விலை கூடுதலாத் தெரிஞ்சாலும் இதெல்லாம் கூட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.

ஜிஎம்டியோட பி500 முன்பதிவுல விலை குறைவு. ஆனா அச்சுக்குப் போய் அனுப்பத் தயாராகும்போதுதான் கார்டுல பணம் எடுப்பாங்க, மாசக்கணக்காகும். அதுக்குள்ள வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பேங்க் ஆப்ல அணைச்சிருப்பீங்க, இல்லைன்னா கார்டு காலாவதி ஆயிருக்கும், ஆர்டர் கையை விட்டுப் போயிரும்.

மூணு டர்ன் பிடிச்சிருக்கு, ஆனா எட்டு மணி நேரம் முடியாதுன்னா ட்வைலைட் ஸ்ட்ரகிள் பாருங்க. அதே ஜிஎம்டி, 2005, பனிப்போர், ரெண்டு மூணு மணி நேரம், போன்லயும் இருக்கு. எதிராளியோட நிகழ்ச்சி உள்ள கார்டை நீங்களே போட வேண்டி வருத கொடுமை அதுல தனி. மூணு பேரு சேருத வீடுன்னா விஜயநகரா, 2024: டெல்லி சுல்தான், பாமினி, விஜயநகரம். தனியாவே ஆடணும்னா காந்தி, 2019, ஒருத்தர்ல இருந்து நாலு பேரு வரைக்கும், மத்த பக்கங்களைக் கார்டு வச்சு ஓட்டலாம். அது 1917-ல தொடங்குது, அதனால 1908 நம்ம திருநெல்வேலிக் கலவரமும், 1911-ல மணியாச்சியில ஆஷ் சுடப்பட்டதும் அதுல வராது. பாத்ஸ் ஆஃப் குளோரியைத் தனியா ஆடலாம்னு சிலர் சொல்லுவாங்க. ரெண்டு கையையும் பாத்துக்கிட்டு ஆடும்போது பதுக்கி வச்ச கார்டுக்கு வேலையே இல்ல. அதுக்காக மட்டும் வாங்காதீங்க.