கறுப்புத் திரை என்ன பதில் சொல்லும்?

நேயர்களுக்கு வணக்கம். மென்பொருள் என்றதும் ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை இருந்தால், கறுப்புத் திரையில் எதையோ தட்டிவிட்டு முழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். டெர்மினல் என்கிற அந்தத் திரையில் கட்டளையை எழுத்தாகத் தட்டி என்டர் அழுத்த வேண்டும். எதைத் தட்டுவது என்று சொல்லும் வழிகாட்டிக் குறிப்புகளை எழுதுகிறவர்களோடுதான் இன்று எனக்குப் பேச்சு. பிள்ளை முழிக்கிறது என்றால் பெரும்பாலும் குறை குறிப்பில்தான் இருக்கிறது.

மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுர வாசலில் நின்று மேலமாசி வீதிக்கு வழி கேட்டுப் பாருங்கள். "நேரா போங்க, குறுக்கே ஆவணி மூல வீதி வரும், அதைத் தாண்டினா மாசி வீதி. ரயில்வே ஸ்டேஷன் கண்ணுல பட்டா தாண்டிட்டீங்க, திரும்பிருங்க" என்பார்கள். போகிற வழியில் என்ன தெரியும், தவறிப் போனால் எது தெரியும் என்று இரண்டையும் சொல்லிவிடுகிறார்கள். நம் கணினிக் குறிப்புகள் "இதைத் தட்டுங்கள்" என்பதோடு நின்றுவிடுகின்றன. திரை என்ன பதில் சொல்லும் என்று எழுதுவதே இல்லை.

விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் லினக்ஸில், ஒரு மென்பொருளை நிறுவும் கட்டளை பெரும்பாலும் 'சூடோ' என்று தொடங்கும். நிர்வாகியின் உரிமையோடு இதைச் செய் என்று அதற்குப் பொருள். என்டர் தட்டியதும் கடவுச்சொல் கேட்கும். அதைத் தட்டும்போது பல கணினிகளில் திரையில் ஒன்றுமே அசையாது. எழுத்தும் வராது, புள்ளியும் வராது. கடவுச்சொல்லுக்கு எத்தனை எழுத்து என்பதுகூட அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது. வங்கி ஆப்பில் வரிசையாகப் புள்ளி விழுவதைப் பார்த்தே பழகிய உசிலம்பட்டி மாணவிக்கு இது எப்படித் தெரியும்? கீபோர்டு போய்விட்டது என்றுதான் நினைப்பாள். டெர்மினலை மூடிவிட்டு மறுபடி தொடங்குவாள், மறுபடி அதே கதை. "தட்டும்போது ஒன்றும் தெரியாது, தட்டி முடித்து என்டர் அழுத்துங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன செலவு?

கோப்பை நகல் எடுக்கும் கட்டளையும் அப்படித்தான். வேலை ஒழுங்காக முடிந்தால் வாயே திறக்காது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் காலத்திலிருந்து வருகிற வழக்கம் இது. பழகியவருக்கு அந்த மௌனம் நிம்மதி. புதியவருக்கோ "நடந்துச்சா, நடக்கலையா" என்ற சந்தேகம்.

அப்புறம் இந்த டாலர் குறி. டெர்மினல் தயாராக இருக்கிறது என்று காட்ட, பல கணினிகளில் வரித் தொடக்கத்தில் தானாகவே ஒரு டாலர் குறி போட்டுக்கொள்ளும். எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் அதையும் சேர்த்து எழுதிவிடுகிறார். படிக்கிறவரும் சேர்த்தே தட்டுகிறார். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்', அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று திட்டு விழுகிறது. பைதான் என்கிற நிரல்மொழியில் இன்னொரு வகை. வரித் தொடக்கத்தில் மூன்று கூர்க்குறிகள் தெரிந்தால் நீங்கள் பைதானுக்குள்ளே இருக்கிறீர்கள். அங்கே, பைதானுக்குக் கூடுதல் மென்பொருளை நிறுவும் 'பிப் இன்ஸ்டால்' கட்டளையைத் தட்டினால் 'சின்டாக்ஸ் எரர்', அதாவது எழுதிய முறை தவறு என்று வரும். கட்டளையில் ஒரு பிழையும் இல்லை, தட்டிய இடம்தான் தப்பு. வெளியே வந்து தட்ட வேண்டும் என்பதைக் குறிப்பு சொல்ல வேண்டாமா?

தமிழில் எழுதும்போது நமக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டு 'ஐ' சேர்க்கிறோம், 'இல்' சேர்க்கிறோம். கட்டளைகளிலும் அதே கோடு வரும், அங்கே அதற்குப் பொருள் உண்டு. கோடு வரை கட்டளையா, அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டதா என்று புதியவர் எப்படிப் பிரிப்பார்? வாக்கியத்தை முடிக்க நாம் வைக்கும் முற்றுப்புள்ளியும் கட்டளையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். என் கட்சி இதுதான்: கட்டளைக்குத் தனி வரி கொடுங்கள், வேற்றுமை உருபெல்லாம் மேல்வரியோடு நிற்கட்டும். கீபோர்டு தமிழ் 99 என்கிற தமிழ்த் தட்டச்சு முறையில் நிற்கிறதா, ஆங்கிலத்தில் நிற்கிறதா என்று ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண விஷயம்தான், ஆனால் இதில் பாதி வகுப்பு போய்விடும்.

'உங்கள் கோப்பின் பெயர்' என்று கூர் அடைப்புக்குள் எழுதுவதையும் விட்டுவிடலாம். அந்த அடைப்பை அப்படியே தட்டுகிறவர் உண்டு, டெர்மினலில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. உண்மையான ஒரு பெயரைப் போட்டுக் காட்டி, "இந்த இடத்தில் உங்கள் பெயர் வரும்" என்று கீழே சொன்னால் புரிந்துவிடும்.

எச்சரிக்கையை மட்டும் கீழே வைக்காதீர்கள். லினக்ஸில் 'ஆர்எம்' என்ற கட்டளையால் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, அழிந்ததுதான். மாணவர்கள் மேலிருந்து ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே வருகிறவர்கள். "கவனம், இது கோப்புறையையே அழித்துவிடும்" என்று கட்டளைக்கு அடுத்த வரியில் எழுதியிருந்தால், அதைப் படிக்கும்போது என்டர் தட்டி முடித்திருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.