மெய் சிலிர்ப்பது ஏன்?

அவையோர்க்கு வணக்கம். குளிர்ந்த நீர் மேலே பட்டாலும், இருட்டில் எதையோ கண்டு திடுக்கிட்டாலும், பிடித்த பாட்டில் குரல் எதிர்பாராமல் உச்சத்துக்கு ஏறினாலும் நம் கையில் மயிர் குத்திட்டு நிற்கிறது. தம்முள் தொடர்பே இல்லாத இம்மூன்றுக்கும் உடல் ஒரே விதமாக ஏன் எதிர்வினை காட்டுகிறது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மயிர் தோலில் செங்குத்தாக அன்று, சாய்வாகவே வளர்கிறது. அதன் வேர்ப்பகுதியையும் தோலின் மேலடுக்கையும் மிக நுண்ணிய தசையொன்று இணைக்கிறது. அத்தசை சுருங்கினால் மயிர் நிமிர்கிறது; மயிர்க்காலைச் சுற்றிய தோல் சிறு மேடாகப் புடைக்கிறது. குடலிலும் இரத்தக் குழாய்களிலும் இருப்பதைப் போன்ற இத்தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதில்லை. நினைத்த மாத்திரத்தில் சிலிர்க்க வைக்கக்கூடியவர்கள் மிக அரிதாகவே இருக்கிறார்கள். இதற்கு ஆணையிடுவது, நம் விருப்பத்தை எதிர்பாராமல் தானாக இயங்கும் பரிவு நரம்பு மண்டலம். அச்சத்தில் இதயத்தைப் படபடக்கச் செய்வதும், குளிரில் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதும் இதே மண்டலம்தான் என்பதால், அச்சமும் குளிரும் தோலில் ஒரே அடையாளத்தை இடுவதில் வியப்பில்லை.

அடர்ந்த மயிருள்ள விலங்குகளுக்கு இதனால் இரட்டைப் பயன் உண்டு. நிமிர்ந்த மயிர்களுக்கிடையே தங்கும் காற்று உடற்சூட்டைக் காக்கிறது; நாயைக் கண்டு சிலிர்த்து நிற்கும் பூனை, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. பகைவரை அச்சுறுத்தும் இப்பயனை டார்வின் 1872-லேயே விரிவாக எழுதினார். மனிதரின் மெல்லிய மயிரால் இரண்டுமே ஆகா என்பதால் சிலிர்ப்பைப் பயனற்ற எச்சம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாயிற்று. அது அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து. 2020-இல் சுண்டெலிகளில் நடந்த ஆய்வொன்று, இத்தசைக்கு ஆணை கொண்டுவரும் பரிவு நரம்பு தசையோடு நின்றுவிடாமல் மயிரைப் புதிதாக வளர்க்கும் ஸ்டெம் செல்கள் வரை செல்வதைக் காட்டியது. தசையை நீக்கியபோது நரம்பும் அச்செல்களைவிட்டு விலகியது. குளிர் நெடுநேரம் நீடித்தபோதோ செல்கள் தூண்டப்பட்டுப் புது மயிர் முளைத்தது. மனிதரிலும் அப்படியே நிகழ்கிறது என்று இதைக்கொண்டு முடிவுகட்ட இயலாதெனினும், இந்தத் தசைக்கு மயிரை நிமிர்த்துவது மட்டுமே வேலையன்று என்பது உறுதியாயிற்று.

இசைதான் சிக்கலானது. அங்கே குளிருமில்லை, பகையுமில்லை. 2001-இல் மான்ட்ரியலில் நடந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், இசையால் சிலிர்க்கும்போது உணவு போன்ற இன்பங்களுக்குத் தொடர்புடைய மூளைப் பகுதிகளில் இரத்த ஓட்டம் மாறுவது தெரிந்தது. 2011-இல் அவ்வேளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருள் மூளையில் சுரப்பதும் உறுதிப்பட்டது. அந்த 2001 ஆய்வில் ஒவ்வொருவரும் தம்மைச் சிலிர்க்க வைக்கும் இசையைத் தாமே தேர்ந்தெடுத்தனர். ஒருவரைச் சிலிர்க்க வைத்த அதே இசை, ஒப்பீட்டுக்கான வெறும் இசையாக இன்னொருவருக்கு ஒலிக்கவிடப்பட்டது.