குப்பத்தை மட்டும் குறை சொல்லலாமா?

நடுவர் அவர்களே, திருவொற்றியூர் மக்களே, வணக்கம். 'வடசென்னைக் கடலோரம் கெடக் காரணம் கரையில் வாழ்வோரின் பழக்கமா, ஆலைகளின் போக்கா?' என்பது தலைப்பு. பழக்கம்தான் என்று சாதித்துவிட்டுப் போனார் எதிரணி நண்பர். கிழிந்த வலையைக் கடலிலேயே விடுகிறார்கள், கேரி பேக்கைக் கரையில் வீசுகிறார்கள் என்றார். வீசுகிறார்கள்தான். இல்லை என்று நான் சொன்னால் காசிமேட்டிலிருந்து வந்திருப்பவர்களே சிரிப்பார்கள். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பையில்தான் இன்றும் மீன் வீட்டுக்குப் போகிறது. (வாங்க வருகிறவர் கூடை கொண்டுவருகிறாரா என்று நண்பர் கேட்கவே இல்லை!)

ஆனால் பழக்கம் என்றால் அவ்வளவுதானா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, மீன் இனம் பெருகட்டும் என்று. அது சட்டம்தானே என்பார். சரி, சட்டம்தான். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்கு 2000-இல் போட்ட தடையும் சட்டம்தான். அதை ஒழுங்காக அமல்படுத்துங்கள் என்று போராடியது யார்? சிறு படகு மீனவர்கள். 'எங்களுக்கு இன்னும் கடுமையான விதி போடுங்கள்' என்று மணலியில் எந்த ஆலை முதலாளியாவது மறியல் செய்து பார்த்திருக்கிறீர்களா, நடுவர் அவர்களே?

எண்ணூருக்கு வாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் கசிந்தால் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில். படிந்து படிந்து கழிமுகம் மேடாகிவிட்டது. தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடித்தவர்களுக்கு இப்போது கையில் சிக்குவது சாம்பல் சேறு. இதில் யாருடைய கேரி பேக் இருக்கிறது?

2017 ஜனவரி 28, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியால் அள்ளினோம். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. அப்போதும் படகில் போய் அள்ளியவர்கள் மீனவர்கள். கூலிக்குத்தானே என்பீர்கள். தொழில் நின்ற வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அது அடங்குவதற்குள், அதே மாதம் 26-ஆம் தேதி இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் உர ஆலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிவு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தெருவுக்குத் தெரு குப்பைத்தொட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் நண்பர். வைப்போம், தூக்கிவர நானும் வருகிறேன். சாம்பல் குழாய்க்கு எந்த அளவில் தொட்டி வைப்பது என்பதை அவர் அணியில் அடுத்து வருபவர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.