செய்தியாளர் கையில் பிப்பெட்

[காட்சி: கடலோர ஆய்வகம். நுண்ணோக்கிகள் வரிசை.]

குரல்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உட்ஸ் ஹோல் என்றொரு கடலோர ஊர். 1888-இல் தொடங்கிய கடல்சார் உயிரியல் ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. செல் பிரிவை நடத்தும் சைக்ளின் புரதத்தை 1982-இல் டிம் ஹன்ட் கண்டுபிடித்ததும் அங்கேதான், கடல் முள்ளெலியின் முட்டைகளில். 2001-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஆய்வகம் 1980-களிலிருந்து அறிவியல் செய்தியாளர்களையும் வரவழைத்து வருகிறது. பேட்டி எடுக்க அல்ல. கையுறை மாட்டிக்கொண்டு சோதனை செய்ய.

திரவத்தை நுணுக்கமாக அளந்து எடுத்துவிடும் கைக்கருவிதான் பிப்பெட். எழுதுகிறவருக்கு அது எதற்கு? நியாயமான கேள்விதான்.

[காட்சி: பிசிஆர் கருவி. திரையில் வெப்பநிலை ஏறி இறங்குகிறது.]

குரல்: டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் முறை பிசிஆர். அதில் டிஎன்ஏ துண்டு சுற்றுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஒன்றிலிருந்து தொடங்கினாலும் 30 சுற்றில், கணக்குப்படி, 100 கோடியைத் தாண்டிவிடும். இதுவரை புத்தகத்திலேயே படித்துவிடலாம்.

[காட்சி: மிக அண்மையில், ஜெல்லின் குழியை நெருங்கும் பிப்பெட் முனை.]

குரல்: இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஜெல் என்பது டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் கூழ்ப்பாளம். பெருக்கிய டிஎன்ஏவை அதன் குழியில் இறக்க வேண்டும். முனையில் இருப்பது அந்த மாதிரி: 10 மைக்ரோலிட்டர் நீலத் திரவம், ஒரு துளியிலும் சிறியது. முழங்கையை மேசையில் ஊன்றாவிட்டால் கை நடுங்கும். முனை ஆழமாகப் போனால் ஜெல் கிழியும். மேலேயே நின்றால் மாதிரி கரைசலில் கலைந்து போகும். முனையை வெளியே எடுக்கும் முன் கட்டைவிரலைத் தளர்த்தினால், விட்டதெல்லாம் பிப்பெட்டுக்குள் திரும்பிவிடும். "மாதிரி பரிசோதிக்கப்பட்டது" என்று நாம் ஒரே வரியில் எழுதிவிடுவது இதைத்தான்.

மின்சாரம் பாய்ச்சியதும், எதிர்மின்சுமை கொண்ட டிஎன்ஏ நேர்முனையை நோக்கி நகர்கிறது. சிறிய துண்டுகள் முந்திக்கொள்ளும். ஒவ்வொரு மாதிரியும் ஓடும் பாதை ஒரு தடம். ஒரே அளவுத் துண்டுகள் சேர்ந்து நிற்கும் இடம் ஒரு பட்டை.

[காட்சி: இருட்டில் ஒளிரும் பட்டைகள். கடைசித் தடம் வெறுமை.]

குரல்: அந்த வெறும் தடத்தைப் பாருங்கள். அதற்குரிய குழாயில் டிஎன்ஏவுக்குப் பதில் தண்ணீர், மற்றதெல்லாம் ஒன்றே. இதுதான் ஒப்பீட்டுக் குழாய். அங்கேயும் பட்டை ஒளிர்ந்தால் எங்கோ கலப்படம் நேர்ந்திருக்கிறது. மற்ற தடங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்ப முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்திரிகைக் குறிப்புகள் பெரும்பாலும் இந்தத் தடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பயிற்சியில் ஓர் ஆபத்தும் உண்டு. பாடுபட்டுச் சோதனை செய்தவருக்கு ஆய்வாளர்மீது பரிவு வந்துவிடும். பரிவு வந்தால் கேள்வி மழுங்கும். எனவே கற்றதை ஆய்வாளரிடமே திருப்பிக் கேட்க வேண்டும்: "ஒப்பீட்டுக் குழாயில் என்ன வைத்தீர்கள்? எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள்? சரிவராத ஜெல்லின் படத்தையும் காட்டுவீர்களா?"