வேட்டியும் பழைய சோறும் விறைப்பது எப்படி?

[காட்சி: வடிதட்டின் ஓரமாக வழியும் கஞ்சி]

சோறு வடித்த கஞ்சி ஆறினால் மேலே ஆடை கட்டுகிறது. அதில் வேட்டியை முக்கிக் காயப்போட்டால் அட்டைபோல விறைக்கிறது. ராத்திரிச் சோறு காலையில் கட்டிதட்டிக் கிடக்கிறது. மூன்றுமே அரிசி மாவுச்சத்தின் கைவேலை.

[காட்சி: நுண்ணோக்கியில் அரிசி மாவு]

இந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3 முதல் 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). தானிய மாவுச்சத்துகளில் இவை மிகப் பொடியானவை. உள்ளே குளுக்கோஸ் கோத்த சரங்கள் இருவகை: பெரும்பாலும் கிளையின்றி நீளும் அமைலோஸ், புதராய்க் கிளைக்கும் அமைலோபெக்டின்.

பச்சைத் தண்ணீரில் அரிசி மாவு கரையாது, அடியில் படியும். சூடு 60, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது துகள் நீர் குடித்து உப்பிக் கட்டுக்குலைகிறது, அமைலோஸ் வெளியே கசிகிறது. கஞ்சியின் கொழகொழப்பு அப்படி வந்ததுதான்.

[காட்சி: சோதனைக் குழாயில் நீர்த்த கஞ்சி]

ஒரு சொட்டு அயோடின் விடுகிறேன். கருநீலம்! அமைலோஸ் சுருளுக்குள் அயோடின் புகுந்து உட்கார்ந்துவிட்டது. குழாயைச் சூடாக்கினால் நீலம் வெளிறி மறைகிறது. ஆறட்டும்... இதோ, திரும்பிவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. லாவோஸ் மக்கள் அன்றாடம் உண்ணும் ஒட்டரிசியில் செம்பழுப்புதான் வரும். அதில் அமைலோஸ் அநேகமாக இல்லை. ஆறினாலும் அது நம் சோறுபோலச் சட்டென்று விறைக்காது.

[காட்சி: கொடியில் காயும் வேட்டி]

ஆறும்போது அமைலோஸ் சரங்கள் ஒன்றையொன்று நெருங்கி, வரிசைகட்டி இறுகுகின்றன. நூலிழைகளுக்கிடையே இறுகிக் காய்ந்தால் மொடமொடப்பு. சோற்றுக்குள் இறுகினால், எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்னும் செரிமான நொதி அதை வெட்டத் திணறுகிறது. அந்தப் பங்கு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது.

இதை வைத்து, ஆறிய சோறு சர்க்கரையை ஏற்றாது என்று சொல்லித் திரிபவர்களை நம்பாதீர்கள். அப்படி இறுகுவது சிறு பங்கு. மீதிச் சோறு வழக்கம்போல் குளுக்கோஸாகத்தான் போகும்.

[காட்சி: அவித்த நெல் காயும் களம்]

புழுங்கல் அரிசிக்கு இந்த வேலை ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்தும்போதே மணி உள்ளுக்குள் இறுகிவிடும். வடித்தால் உதிரியாக நிற்கும், கஞ்சி நீர்த்து வழியும். ஆகவே வேட்டிக்குக் கஞ்சி போட வேண்டிய நாளில் பச்சரிசியை உலையில் போடுங்கள்.