கோப்பை வேண்டாம், கட்டளை வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கிற கபடிப் போட்டி நோட்டீஸ் ஏதாவது ஒன்றை எடுத்துப் பாருங்கள். பரிசுத் தொகைக்குப் பக்கத்தில் 'இன்னார் நினைவுச் சுழற்கோப்பை' என்று ஒரு வரி இருக்கும். கூடவே சின்னதாக ஒரு படம், மீசை சரியாக அரும்பாத முகம். அந்தக் கோப்பை மூன்றாம் வருடம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஜெயித்த அணிக் கேப்டன் வீட்டுப் பரணில் கிடக்கும், அவர் சிங்கப்பூர் போயிருப்பார். கமிட்டியும் மாறியிருக்கும். நான்காம் வருட நோட்டீஸில் அந்த வரியே இருக்காது.

இளவயதில் இறந்த ஆட்டக்காரரை அவர் ஆடிய ஆட்டம் எப்படி நினைவில் வைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. கபடியை வைத்தே சொல்கிறேன். மற்ற ஆட்டங்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எந்த அறிவிப்பும் வேண்டாம். கேதம் கேட்கப் போன இடத்திலேயே "கோப்பை வைக்கிறோம், சிலை வைக்கிறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அந்த வாக்குதான் பிறகு அந்த வீட்டை அறுக்கிறது. அந்த நாட்களில் செய்ய வேண்டியவை இரண்டுதான். ஒன்று, வீடியோ. ஆடும்போதே விழுந்து இறந்தவர் என்றால், ஆட்டத்தை நேரலையில் விட்ட கேமராக்காரரிடம் அன்றைக்கே பேசி, விழுந்த காட்சியைப் பொதுவில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் மூலப் பதிவை அழிக்கக் கூடாது, போலீஸ் விசாரணைக்கு அது வேண்டும். பெற்ற தாய் அடுத்த வீட்டுப் பையனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மகன் விழுவதைப் பார்க்கும்படி விடுவது அஞ்சலி ஆகாது.

இரண்டு, பிடித்தவர்கள். ரெய்டு வந்தவர் இறந்துபோனால், அந்தப் பிடியில் இருந்த மூன்று நான்கு பேரை ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். அவர்களும் இருபது வயதுப் பிள்ளைகள். 2014 நவம்பர் 25 அன்று சிட்னியில் பந்து கழுத்தில் பட்டு விழுந்த ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸ் இரண்டு நாள் கழித்து இறந்தார், வயது 25. அந்தப் பந்தை வீசிய ஷான் அபாட்டை அந்த நாட்டுக் கிரிக்கெட் தனியே விட்டுவிடவில்லை. சில வாரங்களில் அவர் அதே மைதானத்தில் மறுபடி பந்து வீசினார். நம் பக்கத்தில் இரண்டு அணியும் சேர்ந்து கேதத்துக்குப் போனாலே போதும். பிடித்த பிள்ளைகளை அணி மூத்தவர் தன்னோடு கூட்டிப்போக வேண்டும். அவர்கள் தனியாகப் போய் வாசலில் நிற்கும்படி விடக் கூடாது.

ஹியூஸுக்குச் செய்த மரியாதைகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அன்றைய ஸ்கோர் 'ஆட்டமிழக்காமல் 63' என்றே ஏட்டில் நின்றது. ஒருநாள் ஆட்டத்தில் அவர் போட்ட 64-ம் எண் சட்டையை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவானது. அடுத்து அடிலெய்டில் நடந்த டெஸ்டில் பதின்மூன்றாம் ஆட்டக்காரராக அவர் பெயரைச் சேர்த்தார்கள். எல்லாம் மனதைத் தொடுகிறவைதான். ஆனால் 2019 ஆகஸ்டிலிருந்து, தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தவருக்குப் பதில் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்று சர்வதேச விதி வந்தது. 2023 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியாவில் வேகப்பந்தை எதிர்கொள்கிறவர் ஹெல்மெட்டில் கழுத்துக் காப்பு கட்டாயம். என் கணக்கில் பெரிய அஞ்சலி இந்த இரண்டும்தான். அந்தக் காப்பை மாட்டுகிற பையனுக்கு ஹியூஸ் பெயர் தெரியாமல்கூட இருக்கலாம், இருக்கட்டுமே.

சட்டை எண்ணை ஓய்வு கொடுப்பது நம் ஊர் அணிகளுக்குப் பொருந்தாது. இங்கே ஜெர்சி செட் வருடத்துக்கு ஒரு ஸ்பான்சர் கொடுப்பது; போன வருடம் 7 போட்டவர் இந்த வருடம் 3 போடுவார். பெரிய இடத்திலும் இது இடிக்கத்தான் செய்கிறது. 2007-ல் 22 வயதில் இறந்த செவில்லா கால்பந்து வீரர் அந்தோனியோ புவெர்த்தாவின் 16-ம் எண்ணை அப்படியே ஒதுக்கி வைக்க ஸ்பெயின் லீக் விதி இடம் தரவில்லை. பிற்பாடு ஹேசுஸ் நவாஸ் அவர் நினைவாகவே அந்த எண்ணைப் போட்டு ஆடினார். பூட்டி வைப்பதைவிட அது நல்ல வழி என்று எனக்குப் படுகிறது.

இனி நம் களத்துக்கு வருவோம். நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போவது இங்கேதான்.

கபடியில் ஆள் சாய்ந்தால் என்ன நடக்கிறது? ரெய்டர் எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியாமல் மறுபடி விழுகிறார். கை கால் வெட்டுகிறது. "வலிப்புடா" என்று ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடிக்கிறார். வாய் மீன் மாதிரி திறந்து திறந்து மூடுகிறது. "மூச்சு வருது, மூச்சு வருது" என்று காற்று விடச் சொல்லி விலகுகிறார்கள். அது மூச்சே அல்ல. இதயம் நின்றுபோனபின் சில நிமிடம் வருகிற வெறும் இழுப்பு. அந்த வெட்டலும் பல நேரம் வலிப்பு அல்ல. மூளைக்கு ரத்தம் போகாததன் அடையாளம். நெஞ்சில் சரியான கணத்தில் முழங்கால் பட்டாலே, எலும்பு முறியாமல், இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகலாம். பரம்பரைக் கோளாறால் இதயத் தசை தடித்திருக்கிறவர்களுக்கு அடிபடாமலே நேரலாம்.

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, சரியான மூச்சில்லை என்றால் சாவியும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முழங்கை மடங்காமல், 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்க அமுக்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அமுக்கலுக்கும் பின் நெஞ்சு முழுக்க மேலே எழ விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழம் குறைக்கும், அமுக்குகிறவருக்கே அது தெரியாது.

இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கிற ஏஇடி பெட்டியை இப்போது பல இடத்தில் பார்க்கிறோம். திறந்தால் குரலே வழி சொல்லும். அதிர்வு தாமதமாகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. அதனால் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. கபடியில் இதற்கு ஒரு தனித் தொல்லை உண்டு: உடம்பெல்லாம் வியர்வையும் புழுதியும். துண்டால் நெஞ்சை அழுத்தித் துடைக்காமல், பெட்டியில் வருகிற இரண்டு பேடுகளை, அதாவது அதிர்வு பாய்ச்சுகிற ஒட்டுப் பட்டைகளை, ஒட்டினால் ஒட்டாது. கழுத்துத் தாயத்தை ஒதுக்கிவிட்டு, ஒன்றை வலது காரை எலும்புக்குக் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்ட வேண்டும். 2021 யூரோ ஆட்டத்தில் கோபன்ஹேகனில் சாய்ந்த கிறிஸ்டியன் எரிக்சன், களத்திலேயே நெஞ்சை அமுக்கி அதிர்வு கொடுத்ததால் பிழைத்து, மறுபடி ஆட வந்தார்.

களத்து மண்ணையும் பார்க்க வேண்டும். நம்முடையது செம்புராங்கல் பூமி. மேலே சரளை, அதன்மேல் சீமைக்கருவேல முள். ஆண்கள் ஆடுகளம் 13-க்கு 10 மீட்டர். சுற்றிலும் இரண்டு மீட்டர் சேர்த்தால் 17-க்கு 14. அதில் 10 சென்டிமீட்டர் மண் போட ஏறத்தாழ எட்டரை யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மிதிபட்டு அமுங்கும் என்பதால் பத்து யூனிட்டாகச் சொல்லுங்கள். கால் அங்குலச் சல்லடையில் சலித்து, மரத்தூள் கலந்து பரப்பி, முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆட்டத்தன்று தெளித்தால் வழுக்கும். கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். பிடியில் முகம் தரையில் உரசும்போது கண்ணைப் பொசுக்கிவிடும். கோலமாவு போதும்.

இதற்கெல்லாம் பணம்? இந்தச் சீமைக்கு அதை வெளியார் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலில் கட்டளை, அதாவது நிரந்தர நிதி, வைத்தவர்கள் முதல் தொகையில் கை வைக்காமல், வருகிற வரும்படியில் விளக்கெரிய விட்டார்கள். வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை ஒதுக்கினார்கள். ஆட்டக்காரர் நினைவுக்கும் அதையே செய்யலாம். வசூலை ஒருவருடைய ஜிபே நம்பரில் வாங்காதீர்கள், மனக்கசப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. மூன்று பேர் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து இருந்தால்தான் எடுக்க முடியும் என்று வையுங்கள். அந்த மூவரில் ஒருவர் எதிரணி ஊர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு லட்ச ரூபாய் வைப்பு, வட்டி ஆறரை சதவீதம் என்று வையுங்கள், வருடம் 6,500. இதில் என்ன முடியும்? பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு ஆளுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436. இரண்டும் தலா 2 லட்சம். பன்னிரண்டு பேர் அணிக்கு மொத்தம் 5,472. ஒரு லட்சத்தின் வட்டியே ஒரு அணிக்குப் போதும், மீதியை முதலோடு சேர்த்துவிடலாம். விபத்துத் திட்டம் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மாரடைப்பு அதில் வராது, ஆயுள் திட்டத்தில்தான் வரும். அதிலும் புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து தவிர வேறு காரணத்துக்குப் பணம் கிடைக்காது. காப்பு ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடிகிறது. மே கடைசியில் அந்தந்தப் பையன் கணக்கில் 456 ரூபாய் இருக்கிறதா என்று ஒருவர் போன் போட்டுக் கேட்க வேண்டும். பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். 18 நிறையாத பிள்ளைகளுக்கு இரண்டும் கிடையாது. அவர்களை இறக்குகிற கமிட்டி அதைத் தெரிந்தே இறக்க வேண்டும்.

ஏஇடி பெட்டிக்குத் தனி வசூல்தான் வழி. வாங்கியபின் நுழைவுக் கட்டணத்தில் அணிக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தால் பேடும் பேட்டரியும் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்து ஊர்ப் போட்டிக்கும் இலவசமாகக் கொடுத்து வாங்குங்கள். இறந்தவர் பெயரைப் பெட்டி மேல் எழுதினால், பெயர் ஊர் ஊராகப் போய்வரும்.

ஒவ்வொரு வருடமும் நோட்டீஸ் அடிக்கும் முன் வீட்டில் போய்க் கேட்க வேண்டும். "ஆத்தா, இந்த வருசமும் தம்பி பேருல ஆட்டம் வைக்கலாம்னு இருக்கோம். ஒங்களுக்குச் சம்மதமா?" வேண்டாம் என்றால் சரி என்று வந்துவிடுங்கள். அவரை மேடையில் ஏற்றி, மைக்கில் கதை சொல்லி அழவைத்துக் கவர் கொடுப்பதை விட்டுவிடுங்கள். கொடுப்பதை வீட்டில் கொடுங்கள்.

அஞ்சலிக்கு ஒரு நிமிட மௌனம் என்றால் மைக்காரர் பேசிக்கொண்டே இருப்பார், எங்காவது வெடி வெடிக்கும். கபடிக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. முதல் ஆட்டத்தின் முதல் ரெய்டை இறந்தவருக்கு விடுங்கள். எதிரணி ஏழு பேரும் அவரவர் இடத்தில் நிற்க, நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு இடம் காலியாக இருக்க, கடிகாரம் ஓடட்டும். கபடி கபடி என்று யாரும் பாடாத 30 விநாடி. விசில் அடித்ததும் ஆட்டம். மைக்கை மட்டும் முன்கூட்டியே வாங்கி மேஜையில் வைத்துவிடுங்கள்.

கல் நட்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் நடட்டும். தொல்காப்பியம் நடுகல்லுக்கு முறை சொன்ன நாடு இது. கடைசிக் கோட்டிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நடுங்கள், இல்லையென்றால் தூக்கி எறியப்படுகிற அடுத்த பையன் அதிலேயே போய் மோதுவான். 'கபடி வீரர்' என்று மொட்டையாக எழுதாமல், வலது கார்னர் ஆடியவரா, ரெய்டு போனவரா என்று செதுக்குங்கள்.

ஏஇடி பெட்டியைக் கூட்டத்துக்குத் தெரிகிற இடத்தில், ஸ்கோர் மேஜைக்கு அடியில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தால் கெட்டுப்போகும். பேடின் காலாவதித் தேதியை வருடா வருடம் நோட்டீஸின் கடைசி வரியாக அச்சடியுங்கள்.

வணக்கம்.