தாத்தாவுக்கு மட்டும் மூச்சு முட்டாதா?

வணக்கம் மக்களே. மைக்கில் சத்தம் விழுகிறது என்று ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். முகத்தில் வியர்வை வழிந்தால் கண்டுகொள்ளாதீர்கள். இன்று பேச்சு, வீடியோ கேம்களில் பெண்களுக்கு மாட்டிவிடும் உடையைப் பற்றி.

போன வாரம் முழுக்க மெட்டல் கியர் சாலிட் 5 என்ற கேம்தான். வந்தது 2015 இல், நான் இப்போதுதான் தொடுகிறேன். அதில் குவையட் என்று ஒரு ஸ்னைப்பர். வாய் திறக்க மாட்டாள், குறியும் தப்பாது. ஆப்கானிஸ்தான் மலைகளில் சுற்றியிருக்கும் ஆண்களெல்லாம் பூட்ஸும் சட்டையுமாகத் திரிய, இவளுக்கு மட்டும் ஒரு பிகினி மேலாடை, கிழிந்த ஸ்டாக்கிங்ஸ்.

கதையில் காரணம் வைத்திருக்கிறார்கள். உடம்புக்குள் ஒட்டுண்ணி, தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறாள், துணியால் மூடினால் திணறிவிடுவாளாம். கேம் வெளிவருவதற்கு முன்பே அதை இயக்கிய ஹிடியோ கொஜிமா, அவள் அப்படி இருப்பதன் ரகசியக் காரணம் தெரிந்தால் பேசிய பேச்சுக்கு நீங்களே வெட்கப்படுவீர்கள் என்று ட்விட்டரில் எழுதினார். சரி, தெரிந்துகொண்டேன். வெட்கம்தான் வரவில்லை. ஏனென்றால் இதே தொடரின் மூன்றாம் பாகத்தில் தி எண்ட் என்று ஒரு கிழவர் வருவார். அவரும் ஸ்னைப்பர், அவருக்கும் ஒட்டுண்ணிக் கதைதான். ஆனால் தாத்தா உடம்பு முழுக்க உடுத்திக்கொண்டு காட்டுக்குள் நிம்மதியாகத் தூங்குவார்!

அதைக்கூட விட்டுவிடலாம். ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்து அடுத்த மிஷனைத் தேர்ந்தெடுக்கிறேன், எதிர் சீட்டில் அவள். சோம்பல் முறிக்கிறாள், குனிகிறாள், நெஞ்சு நேராகத் திரைக்கு வருகிறது. இதற்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? ஒட்டுண்ணி துணியைத்தான் குறைக்கும், போஸ் கொடுக்கச் சொல்லாதே. என் சண்டை துணியோடு இல்லை, கேமராவோடு.

உடனே, காட் ஆஃப் வார் கேமில் நாயகன் கிரேட்டோஸும் சட்டை இல்லாமல்தானே திரிகிறான் என்பீர்கள். திரிகிறான். ஆனால் அவன் கோடரியை ஓங்கும்போது கேமரா கோடரியைப் பார்க்கிறது, இடுப்பை அல்ல. ஆடுகிற பையன் அவனாக இருக்க ஆசைப்படுகிறான். குவையட் விஷயத்தில் அவளாக இருக்கச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை, பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம் 2009 இல் வந்த பேயோனெட்டா கேம், நாயகி பெயரும் அதுவே. இங்கேதான் எனக்கும் என் தோழிக்கும் ஒத்துப்போகாது. இயக்கியவர் ஹிடெகி காமியா, ஆண். உருவத்தை வரைந்தவர் மாரி ஷிமாசாகி, பெண். போட்டிருக்கும் உடுப்பே அவள் தலைமுடிதான். பெரிய அடி அடிக்கும்போது அந்த முடி கிளம்பிப்போய் எதிரியைத் தாக்குகிறது, அதனால் உடம்பு தெரிகிறது. எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு பலமான அடி! கேமரா இங்கேயும் யோக்கியம் இல்லை. ஆனாலும் அவள்தான் கூத்து நடத்துகிறாள் என்று எனக்குப் படுகிறது. பெண் வரைந்தால் மட்டும் சரியாகிவிடுமா என்று தோழி கேட்கிறாள். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

டிஃபா விவகாரம் இதைவிட வேடிக்கை. அவள் ஃபைனல் ஃபேன்டசி 7 கேமில் வரும் சண்டைக்காரி. 2020 இல் வந்த அதன் ரீமேக்கில், சண்டைக் காட்சிகளில் இயல்பாக இருக்கும்படி அவள் மார்பை இறுக்கமாக அமைக்கச் சொல்லி நிறுவனத்தின் நெறிமுறைப் பிரிவே கேட்டதாக அதன் இயக்குநர் டெட்சுயா நொமுரா சொன்னார். வெள்ளை பனியனுக்கு உள்ளே ஒரு கறுப்பு விளையாட்டு மேலாடை வந்தது. இணையத்தில் ஒரே கூப்பாடு. நான் மூன்று வருடம் கராத்தே போனவள். உள்ளாடை சரியில்லாத நாளில் ஒரு ஜம்ப் கிக் அடித்தால் அன்று இரவு குப்புறப் படுக்க முடியாது. கையாலும் காலாலும் அடித்தே சண்டை போடுகிற பெண்ணுக்கு அந்த மேலாடையை, முதல் கேம் வந்த 1997 லேயே கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று, நேற்று ராத்திரி கண்டுபிடித்தது. குவையட்டுக்கு மாற்றுடை இருக்கிறது. கேமில் வரும் எதிரிப் படையான எக்ஸ்ஓஎஃப்பின் சாம்பல் நிறச் சீருடை. மாட்டிவிட்டேன். நன்றாகத்தான் மூச்சு விடுகிறாள், குறியும் தப்பவில்லை. நாளைக்கு அங்கோலா பக்கம் போகிறோம், நானும் அவளும்.